ஆண்டறிக்கையில் எழுதப்படாதவை

குழு நடத்துவோர் அனுப்பிய கேள்விகளில், பழைய வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து வந்த ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டுள்ளோம். ஐந்தும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தாலும் ஒரே கவலையைத்தான் சுமந்து வந்திருக்கின்றன: ஆண்டுக்கணக்காக உழைத்தும், அந்த உழைப்பு நமக்குக் கற்றுத்தந்தது என்ன என்பதை நின்று பார்க்க முடியவில்லையே என்ற கவலை. கேள்வி கேட்டவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படி வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் பதினெட்டு மகளிர் சுய உதவிக் குழுக்கள் உள்ளன. ஆண்டுப் பொதுக்குழுவில் சேமிப்பு, வங்கிக் கடன், திருப்பிச் செலுத்திய தொகை ஆகியவற்றை வாசிக்கிறோம், எல்லாரும் கைதட்டுகிறார்கள், தேநீர் குடித்துவிட்டுக் கலைகிறோம். சென்ற முறை ஓர் உறுப்பினர் எழுந்து, “இவ்வளவு கணக்குச் சொன்னீர்களே, நாம் முன்னேறியிருக்கிறோமா?” என்று கேட்டார். மேடையில் இருந்த எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல இயலவில்லை. இந்த ஆண்டாவது சரியாகத் திரும்பிப் பார்க்க விரும்புகிறோம். எங்கே தொடங்குவது?
— கூட்டமைப்புச் செயலாளர், அணைக்கட்டு வட்டாரம்

பதில்: அந்த உறுப்பினரின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் அவர் கேட்டபடியே எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் எழுதிவிடுங்கள். பதினெட்டுக் குழுக்களின் கணக்கும் பதில் சொல்லாத ஒன்றை அவர் கேட்டிருக்கிறார்.

கணக்கை ஒப்பிப்பதும் நடந்ததை எண்ணிப் பார்ப்பதும் வெவ்வேறு வேலைகள். முன்னதைப் பிறருக்காகச் செய்கிறோம். நபார்டு வங்கி 1992இல் சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கிய காலம் முதல், ஒரு குழு கடன் பெறத் தகுதியுடையதா என்பதைச் சில அளவுகோல்களைக் கொண்டே பார்க்கிறார்கள். தவறாமல் கூடுவது, தவறாமல் சேமிப்பது, தமக்குள் கடன் கொடுத்து வாங்குவது, தவணை தவறாமல் செலுத்துவது, புத்தகங்களை முறையாக எழுதுவது ஆகிய ஐந்தையும் பஞ்ச சூத்திரம் என்று பயிற்சிகளில் நீங்களே சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தரமதிப்பீட்டுக்கு வருபவர் பார்ப்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான். இவை நல்ல அளவுகோல்கள். இவற்றைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. ஆனால் வங்கி தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டுமே இவை சொல்லும். தவணை நூற்றுக்கு நூறு கட்டப்பட்டிருக்கிறது என்று பேரேடு காட்டும். அந்தத் தவணையைக் கட்டக் காதுத் தோட்டை அடகு வைத்தார்களா, வேறொரு நிதி நிறுவனத்தில் வாரக் கடன் வாங்கி இந்தக் கடனை அடைத்தார்களா என்பதைக் காட்டாது. முன்னேற்றமா இல்லையா என்பது அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே, பொதுக்குழுவுக்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு குழுவும் தனித்தனியே ஒரு முறை கூடட்டும். அந்தக் கூட்டத்துக்கு அலுவலர் எவரும் வேண்டாம், வங்கி மேலாளரும் வேண்டாம். வழக்கமான சேமிப்பு வசூலையும் அன்று வைத்துக்கொள்ளாதீர்கள்; பணம் எண்ணத் தொடங்கினால் பேச்சு அதற்குள் போய்விடும். கடந்த ஆண்டின் தீர்மானப் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு தீர்மானமாக உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘நடந்தது’, ‘பாதி நடந்தது’, ‘மறந்தே போனோம்’ என்ற மூன்றில் ஒன்றை எல்லாரும் சேர்ந்து சொல்லட்டும். இது மிக எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் நான் பயிற்றுநராகச் சென்ற குழுக்களில் இதைப்போல் உண்மையை வெளியே கொண்டுவந்த வேறு முறையைக் கண்டதில்லை. ஒரு குழுவில், குழுவை முன்நின்று நடத்தும் ஊக்குநர் பொறுப்பை இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றுவது என்ற தீர்மானம் ஒரே கையெழுத்தில் மூன்று முறை எழுதப்பட்டிருந்தது. ஒரு முறைகூட மாற்றவில்லை. படித்து முடித்ததும் அங்கே விழுந்த அமைதியில், அந்தக் குழு தன்னைப்பற்றி ஓராண்டில் பேசாததையெல்லாம் பேசிவிட்டது.

அடுத்து, முக்கியமான இரண்டு அல்லது மூன்று விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது என்று கேளுங்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை எளிதில் வரும். ‘ஏன்’ என்று கேட்டதும் வரும் முதல் விடை அநேகமாக ஓர் ஆளின் பெயராக இருக்கும்: “அவள் கட்டவில்லை, அதனால்தான்.” அங்கே நிறுத்திவிட்டால் அந்தக் கூட்டம் பஞ்சாயத்தாக மாறி, இருவர் அழுதுகொண்டு வெளியேறுவதில் முடியும். ஒரு குழுவில் நான்கு பேர் தவணை தவறியிருந்தார்கள். நால்வர் மீதும் கோபம் இருந்தது. எந்தெந்த மாதத்தில் தவறினார்கள் என்று புத்தகத்தைப் புரட்டியபோது, நால்வரும் ஜூன், ஜூலை மாதங்களில்தான் தவறியிருந்தார்கள். பள்ளி திறக்கும் காலம்; கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம் என்று எல்லாம் சேர்ந்து வரும்; நெல் விற்ற பணம் எப்போதோ தீர்ந்திருக்கும். குற்றம் அந்த நால்வரிடம் இல்லை, மாதந்தோறும் ஒரே அளவாக வகுக்கப்பட்ட தவணையில் இருந்தது. குழுவுக்குள் கொடுத்து வாங்கும் உள்கடனுக்காவது அந்த இரு மாதங்களின் தவணையைக் குறைத்து, அறுவடைக்குப் பின் கூட்டிக் கட்டலாம் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். ஒரு பெயரில் தொடங்கிய பேச்சை ஒரு காரணத்தில் கொண்டு சேர்க்கும் பொறுமைதான் இந்தக் கூட்டத்தை நடத்துபவருக்கு வேண்டிய முதல் தகுதி.

நடத்துபவர் யார் என்பதில் ஒரு யோசனை சொல்கிறேன். உங்கள் குழுக்களின் கூட்டத்தை நீங்களே நடத்தாதீர்கள். பக்கத்து ஊராட்சியின் கூட்டமைப்புச் செயலாளரை அழையுங்கள்; அவர்கள் கூட்டத்துக்கு நீங்கள் செல்லுங்கள். உங்கள் ஊரில் யாருக்கு யார் மேல் மனத்தாங்கல் என்பது அவருக்குத் தெரியாது. அவரிடம் கடன் கேட்டு நிற்க வேண்டிய நிலையும் உங்கள் உறுப்பினர்களுக்கு இல்லை. நான்கு நாள் பயிற்சியில் வராத தெளிவு, இன்னொருவர் குழுவின் சிக்கலை அமைதியாகக் கேட்கும் ஒரு பிற்பகலில் உங்களுக்கும் வரும்.

பொதுக்குழுவில் வழக்கமான அறிக்கையை வாசியுங்கள். அதன் கடைசிப் பக்கத்தில், இந்த ஆண்டு நாம் தவறிய இரண்டு, அடுத்த ஆண்டு மாற்றப்போகும் இரண்டு என்று எழுதி, அந்தப் பக்கத்தைப் பொறுப்பாளர் அல்லாத ஓர் உறுப்பினர் வாசிக்கட்டும். சென்ற ஆண்டு கேள்வி கேட்டவரே வாசித்தால் இன்னும் நல்லது. மாற்றப்போவதை யார் செய்வார், எந்த மாதத்துக்குள் செய்வார் என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர்கள் சேர்ந்து 2019இல் ஏரியின் வரத்துக்கால்வாயைத் தூர்வாரி, சீமைக் கருவேல மரங்களை அகற்றினோம். 2021இல் ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்தது. ஊரே பாராட்டியது. அதன்பின் ஒருமுறைகூட அப்படி நிரம்பவில்லை. “அது மழை செய்த வேலை, உங்கள் வேலை இல்லை” என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். எங்கள் முயற்சி வெற்றியா, தோல்வியா என்பதை எப்படி அறிவது?
— இளைஞர் குழு உறுப்பினர், குடியாத்தம் வட்டம்

பதில்: பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதைக் கேட்டு நீங்கள் மனம் சோரவேண்டியதில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் ஓடிய பெருவெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதத்தில் நிரம்பியதை வைத்து எந்த ஏரியின் தூர்வாரும் பணியையும் மதிப்பிட முடியாது. எனவே, நீங்கள் முதலில் கேட்கவேண்டியது, அந்த ஆண்டு உங்கள் சுற்றுவட்டாரத்தில் எவருமே கைவைக்காத ஓர் ஏரி எப்படி நிரம்பியது என்பதுதான். அதுவும் நிரம்பி வழிந்திருந்தால் அந்தப் பெருமையை மழைக்கே கொடுத்துவிடுங்கள்.

ஆனால் ஏரி நிரம்புவது ஒன்றே அளவு ஆகாது. மழை குறைந்த ஆண்டுகளில்தான் உங்கள் கால்வாயின் தகுதி தெரியும். ஒரே அளவு மழைக்கு அந்த இரண்டு ஏரிகளில் எதற்கு முதலில் தண்ணீர் வந்தது, எதில் அதிக நாள் நின்றது என்று பாருங்கள். வேலூர்ப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமும் மழை தருகிறது, வடகிழக்குப் பருவமும் தருகிறது. ஆகையால் ஐப்பசி, கார்த்திகையை மட்டும் கவனித்து ஆடி, ஆவணியை விட்டுவிடாதீர்கள். ஏரிக்குக் கீழே உள்ள மூன்று கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் அமாவாசையன்றும் முடிச்சிட்ட கயிற்றை இறக்கி, கிணற்று விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை முழம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அன்று காலையில் மோட்டார் ஓடியதா என்பதையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். ஓடியிருந்தால் அந்த அளவை நம்ப முடியாது. இரண்டு ஆண்டுகள் இதைச் செய்தால், மேடைப் பேச்சும் பாராட்டும் தராத ஒரு சான்று உங்கள் கையில் இருக்கும்.

இன்னொன்றையும் செய்யுங்கள். உங்கள் ஊரில் மதகு திறந்து நீர் பாய்ச்சிய முதியவர் எவரேனும் இருந்தால், அவரை அழைத்துக்கொண்டு வரத்துக்கால்வாயின் தலைப்பிலிருந்து ஏரிவரை முழுவதும் நடந்து வாருங்கள். அவர் நிற்கும் இடத்திலெல்லாம் நில்லுங்கள். எங்கே மண் மீண்டும் மேடிட்டிருக்கிறது, எங்கே யாரோ பாதைக்காகக் குழாய் போட்டு மூடியிருக்கிறார்கள், வெட்டிய கருவேலம் எங்கே மறுபடி துளிர்த்திருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு நடையில் தெரிந்துவிடும். சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்காமல் வெட்டினால் அது அடியிலிருந்து தழைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். என் கணிப்பில், உங்கள் ஏரியின் கதை வெற்றி, தோல்வி என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்காது. 2019இல் நல்ல வேலை செய்தீர்கள். அதை ஆண்டுதோறும் பராமரிக்க ஓர் ஏற்பாடு செய்யாமல் விட்டீர்கள். இதை உங்கள் குழுவே தன் வாயால் சொன்னால், அடுத்த ஊர் இளைஞர்களுக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பயனுள்ள செய்தி அதுவாகவே இருக்கும்.

கேள்வி: நான் ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர். எங்கள் குழுக்களில் பெரும்பாலோர் பீடி சுற்றும் பெண்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முன்னேற்றத்தைப் பற்றிப் பேசலாம் என்று கூட்டினால், படித்த இரண்டு பேர் மட்டுமே பேசுகிறார்கள். மற்றவர்கள் “எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, பேரணாம்பட்டு

பதில்: ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு, உங்கள் கூட்டத்தில் சும்மா உட்காரும் ஒவ்வொரு மணி நேரமும் கூலி இழப்பு. “எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க” என்ற சொல்லில், “எங்களைச் சீக்கிரம் விடுங்கள்” என்ற வேண்டுகோளும் இருக்கிறது. அவர்களை உங்கள் இடத்துக்கு அழைக்காமல், அவர்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சேர்ந்து உட்காரும் திண்ணைக்கு நீங்கள் செல்லுங்கள். கைக்கு வேலை இருக்கும்போது பேச்சு தானாக வரும்.

நான் முதன்முதலில் இப்படி ஒரு கூட்டம் நடத்தியபோது பெரிய தாளை ஒட்டி, எழுதுகோலை நீட்டினேன். அன்று இருபது பேரில் மூன்று பேரின் கருத்தை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பினேன். மற்ற பதினேழு பேரை நானே வாயடைக்க வைத்தேன் என்பது பின்னால்தான் விளங்கியது. மக்கள் பங்கேற்புடன் கிராமத்தை மதிப்பிடும் முறைகள் 1980களின் பிற்பகுதியிலிருந்து நம் நாட்டில் பரவியபோது, கோலமாவும் விதைகளும் கூட்டத்துக்குள் வந்ததற்குக் காரணம் இதுவே. ஒவ்வொருவரிடமும் பத்துப் புளியங்கொட்டைகளைக் கொடுங்கள். குழுவில் சேருவதற்கு முன் வீட்டில் உங்கள் சொல்லுக்கு எத்தனை கொட்டை மதிப்பு, இப்போது எத்தனை என்று வைக்கச் சொல்லுங்கள். வைத்ததை எண்ணிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை, “ஏன் அக்கா, மூன்றிலிருந்து ஆறு ஆகியிருக்கிறது?” என்று கேட்ட பிறகு அவர் சொல்லப்போவதில்தான் எல்லாம் இருக்கிறது. சிலர் எண்ணிக்கையைக் குறைத்தும் வைப்பார்கள். அவர்களிடம் அன்றே எல்லார் முன்னிலையிலும் காரணம் கேட்காமல், பின்பு தனியே சென்று பேசுங்கள்.

கதையாகக் கேட்பதும் பலன் தரும். வங்கதேசத்தில் 1990களில் ரிக் டேவிஸ் என்பவர் ஒரு முறையை வகுத்தார்: கடந்த சில மாதங்களில் உங்கள் வாழ்வில் நேர்ந்த மிக முக்கியமான மாற்றம் எது என்று பலரிடம் கேட்டு, கிடைத்த கதைகளில் எது மிக முக்கியமானது, ஏன் என்று குழுவே கூடி விவாதித்துத் தேர்ந்தெடுப்பது. தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் வாக்குவாதத்தில், அந்தக் குழு எதை முன்னேற்றம் என்று கருதுகிறது என்பது வெளிப்பட்டுவிடும். ஒரு கதையை வெளியே சொல்லுமுன், அதைச் சொன்னவரிடம் ஒப்புதல் கேட்க மறவாதீர்கள்.

கேள்வி: எங்கள் உழவர் குழுவை வேறோர் ஊருக்குக் கற்றல் பயணம் அழைத்துச் சென்றார்கள். வரவேற்பு, பொன்னாடை, உரை, மதிய உணவு, புகைப்படம் என்று நாள் கழிந்தது. திரும்பி வந்தபின் ஒருவரும் எதையும் மாற்றவில்லை. இப்போது வேறொரு குழு எங்களிடம் கற்க வரப்போகிறது. அதே தவறை நாங்களும் செய்யாமல் இருக்க என்ன வழி?
— உழவர் குழுத் தலைவர், கே.வி.குப்பம்

பதில்: வருபவர்களை மேடை முன் உட்காரவைக்காதீர்கள். இருவர் இருவராகப் பிரித்து, உங்கள் உறுப்பினர்களின் நிலத்துக்கும் வீட்டுக்கும் அனுப்புங்கள். தலைவர் பேசினால் குழுவின் புகழைப் பேசுவார். கொல்லையில் நிற்கும் உறுப்பினர் என்ன செலவாயிற்று, எது பட்டுப்போனது என்று பேசுவார். கெட்டுப்போன ஒன்றையாவது காட்டாமல் அவர்களை அனுப்பக் கூடாது என்று உங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் விதையைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கும் உழவர் விதையை மட்டும் கொடுப்பதில்லை. எந்த மண்ணில், எந்த மாதத்தில், எவ்வளவு தண்ணீரில் என்று சொல்லியே கொடுக்கிறார். உங்கள் அனுபவத்தையும் அப்படியே கொடுங்கள். “நாங்கள் சேர்ந்து விற்றோம், கூடுதல் விலை கிடைத்தது” என்பது விதை மட்டும். எத்தனை பேர் இருந்தீர்கள், வண்டி வாடகையை யார் முதலில் போட்டார், எந்த வாரத்தில் விலை சரிந்தது, அப்போது யார் பிரிந்து போனார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர்கள் ஊரில் அது முளைக்கும்.

நீங்கள் இனிமேல் எங்கேனும் சென்றால், கேள்விகளை முன்பே கூடிப் பேசி எழுதிக்கொண்டு செல்லுங்கள். வேலூர்ப் பகுதியின் நாகநதிப் படுகையில், ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ் பெண்கள் உழைத்து அமைத்த நீர் மீள்நிரப்புக் கிணறுகளையும் தடுப்பணைகளையும் பார்க்கச் செல்வதாக வைத்துக்கொள்வோம். எத்தனை கட்டினார்கள் என்பதை எவரும் சொல்லிவிடுவார்கள். அவற்றில் சேரும் வண்டலை ஆண்டுதோறும் யார் எடுக்கிறார்கள், அதற்குக் கூலி எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் தோண்டியது பயன்படவில்லை என்று கேட்டு வாருங்கள். திரும்பிய ஒரு வாரத்துக்குள், பயணத்துக்கு வராத உறுப்பினர்களிடம் நீங்கள் கண்டதைச் சொல்லி, நம் ஊரில் இதில் எது ஆகும், எது ஆகாது என்று பேசி முடித்துவிடுங்கள். ஒரு மாதம் கடந்தால் புகைப்படம் மட்டும் மிஞ்சும்.

ஊருக்குள் பகிர்ந்துகொள்ளக் கிராம சபை இருக்கிறது. நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்கள் அதற்கென உள்ளன. ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி, ஏதேனும் ஒன்றில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். நீர் பற்றிய அனுபவத்துக்கு உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 பொருத்தமானது.

கேள்வி: தவறுகளை வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்கிறீர்கள். சொன்னால் அடுத்த ஆண்டு நிதி நின்றுவிடாதா?
— வாசகர், ஆம்பூர்

பதில்: இந்த அச்சம் நியாயமானது. தவறைச் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்ட குழுக்களையும் நான் அறிவேன். அதனால்தான் முதல் பேச்சு அலுவலர் இல்லாத இடத்தில் நடக்கவேண்டும் என்று மேலே சொன்னேன். உங்களுக்குள் பேசி, காரணத்தைக் கண்டு, மாற்று வழியையும் முடிவு செய்தபின் வெளியே சொன்னால், கேட்பவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்வது அரிது. 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், அதன் 17ஆவது பிரிவில், வேலைகளைக் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று எழுதியது. ஊர் முன் உண்மை பேசுவதற்குச் சட்டமே இடம் கொடுத்த நாட்டில் இருக்கிறோம். தவறிய உறுப்பினரின் பெயரைச் சொல்லாதீர்கள். தவறிய தொகையை மறைக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் இதிலிருந்து பிரித்து வையுங்கள். குழுப் பணத்தை ஒருவர் கையாடியிருந்தால், அதைக் கற்ற பாடங்களின் பட்டியலில் எழுதலாகாது. வரவு செலவுப் புத்தகத்தையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, ஐந்து உறுப்பினர்களாவது சேர்ந்து, எழுத்து மூலமான மனுவுடன் வட்டார அலுவலகத்துக்குச் செல்லுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிக்கொண்டே திரும்புங்கள்.